டகோட்டாவின் இடது இறக்கை

பரணில் ஒழுகல்

அந்த வருஷம், வைகாசி நடுவில் வருகிற இடவப்பாதி மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்ட் முடிந்து, கிழக்கேகோட்டையில் பஸ் மாறி, கரமனையில் இறங்கி, முழங்கால் வரை நனைந்த புடவையோடு வீட்டுக்குள் நுழைந்தால் கூடத்தில் டப் டப் என்று சத்தம். பரணுக்கு மேலே ஓடு விலகியிருந்தது. பரண் பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு முழம் தள்ளி ஈஸிசேரில் என் வீட்டுக்காரர். மனுஷர் காலைக்கூட மடக்கவில்லை.

"ஏன்னா, ஒழுகறது தெரியலையா?"

"தெரியறது."

"அடியில ஒரு பாத்திரம் வெக்கப்படாதா?"

"வெச்சா நிரம்பும். நிரம்பினா தூக்கிண்டு போய்க் கொட்டணும்," என்றார்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை ஒரு பக்கமாக இழுத்தேன். அதன் பின்னாலிருந்த ஓர் அட்டைப்பெட்டி நழுவிக் கீழே விழுந்தது. ஊறிப்போன அட்டை, விழுந்த வேகத்தில் வாயைப் பிளந்துவிட்டது. சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் துண்டுகள் கூடம் முழுக்கச் சிதறின.

ஈஸிசேரில் இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மிதிச்சுடாதே," என்றார்.

கேட்ட கேள்விக்குப் பதிலாக இல்லாமல், அவராகவே வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது. ஸ்டூல் மேலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

சிங்கப்பூர் அத்தானின் பரிசு

அந்தப் பெட்டிக்கு ஒரு பழைய கதை உண்டு. சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில், அறுபதுகளில் என்று வைத்துக்கொள்ளுங்கள், சிங்கப்பூரில் வேலையாயிருந்த இவருடைய அத்தான் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது அது. பிளாஸ்டிக்கில் விமானத்தின் பாகங்களெல்லாம் ஒரு சட்டத்தில் ஒட்டியபடி இருக்கும். வெட்டியெடுத்து, பொருத்தி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் மேஜைமேல் வைக்கிற ஒரு சின்ன விமானம். இவர் அப்போது விமானப்படையில் ஃபிட்டர். விமானத்தின் உடம்பு, இறக்கை, வால் இவைதான் இவர் பொறுப்பு. டகோட்டா என்ற இரட்டை எஞ்சின் விமானத்தோடு மாரடித்தவர். அத்தான் அதையறிந்து கடையில் தேடி டகோட்டாவாகவே வாங்கி வந்திருந்தார்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? பெட்டியைப் பிரித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு துண்டாகத் தூக்கிப் பார்த்தார். இடது இறக்கையின் நுனியில் அச்சுக்குள் பிளாஸ்டிக் சரியாக ஓடாமல், நகத்தளவு மொட்டையாக இருந்தது. உடம்பின் இரண்டு பாதிகளும் சேர்த்து வைத்தால் வாய் மூடவில்லை. "ரிஜெக்ட்" என்றார். எல்லாவற்றையும் திரும்பப் போட்டு, ஒரு சிவப்பு நூலைக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டார். அவர்கள் விமானப்படையில் ஆகாத சாமானுக்குச் சிவப்பு அட்டை கட்டுவார்களாம்.

"ஆசையாக் கொண்டுவந்து குடுத்ததைப் போய் இப்படிச் சொல்றேளே," என்றேன்.

"கொடுத்தவன் மேல ஒரு தப்பும் இல்லை. சாமான்லயாக்கும் தப்பு."

அப்படிப்பட்ட ஆள். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் விடமாட்டார். புது மனைவிக்கு அது எத்தனை இம்சை என்பதைப் பெண்களிடம் விளக்க வேண்டியதில்லை.

வந்து பாரு

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் வேலையில் ஒரு வழக்கம். வேலை செய்தவன் ஒருத்தன் என்றால், அதைப் பார்த்துச் சரியென்று சொல்கிறவன் இன்னொருத்தன். எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும், தான் முடுக்கிய ஸ்க்ரூவைத் தானே பாஸ் பண்ணக்கூடாது. ஏறிப் பறக்கப்போகிற உயிர்கள் சம்பந்தப்பட்ட விஷயம்.

லீவில் வரும்போது அந்த வழக்கத்தையும் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார். ஸ்டவ்வுக்குத் திரி மாற்றினால் "விசாலம், வந்து பாரு." கொடிக்கயிறு கட்டினால் "விசாலம், வந்து பாரு." நான் அடுப்பங்கரையிலிருந்தே "சரியா இருக்கு" என்று குரல் கொடுத்தால் முகம் கடுத்துவிடும். போய், குனிந்து, இழுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்தே அவரிடம் வேலை சொல்வதைக் குறைத்துக்கொண்டேன்.

கை

பிறகு அவருக்குக் கை நடுக்கம் வந்தது. அவர் அப்பாவுக்கும் இருந்த வியாதிதான். முதலில் வலது கை, அப்புறம் இரண்டும். சும்மா மடியில் இருக்கும்போது ஒன்றுமில்லை. எதையாவது பிடிக்கப் போனால்தான் ஆடும்.

யூனிட்டில் குரியன் என்று ஒரு நண்பர். இந்த ஊர்க்காரர்தான், பேட்டையில் வீடு. இவருடைய வேலையைப் பார்த்து பாஸ் பண்ணுகிறவர் அவர். ஸ்க்ரூ தளராமல் இருக்கக் கம்பியால் முறுக்கிக் கட்டுவார்களாம். அந்த முறுக்கில் ஆளுக்கு ஆள் ஒரு கை உண்டாம், கையெழுத்து மாதிரி. ஒரு நாள் இவர் தான் கட்டியதாக நினைத்த இடத்தில் குரியனின் முறுக்கைப் பார்த்துவிட்டார். தேடினால் இன்னொரு இடத்திலும். இவர் டீ குடிக்கப் போகிற நேரமெல்லாம் குரியன் பின்னால் வந்து, ஆடிப்போன வேலையைப் பிரித்துத் தானே திருத்திக் கட்டியிருக்கிறார். எத்தனை மாசமாக என்று யாருக்குத் தெரியும்.

கேட்டதற்குக் குரியன் சொன்ன பதில்: "சாரமில்லடா."

மலையாளம் பேசுகிற எங்கள் ஊரில் அது மூச்சுக்கு மூச்சு வருகிற வார்த்தை. போகட்டும், பரவாயில்லை, ஒன்றுமில்லை, எல்லாவற்றுக்கும் அதுதான். கரமனைத் தமிழிலும் அது புகுந்து எத்தனையோ காலம்.

மறுநாளே இவர் டாக்டரிடம் போய்த் தானாகவே சொல்லிவிட்டார். மெடிக்கல் போர்டு கூடி, பென்ஷனோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையைக் கெஞ்சி வைத்துக்கொள்ளப் பார்க்கிற உலகத்தில், தன்னைத் தானே ரிஜெக்ட் பண்ணிக்கொண்டு வந்தவர் இவராகத்தான் இருக்கும்.

வந்து ஈஸிசேரில் உட்கார்ந்தவர்தான். கல்யாணச் சாப்பாட்டுக்கு வரமாட்டார், இலையில் ரசத்தைப் பிடிக்கக் கை நிற்காது. பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை கொடுக்கும்போது ஒரு நாள் சிதறிவிட்டது, அன்றோடு பஸ்ஸும் நின்றது. காபியை அரை டம்ளர்தான் விடச் சொல்வார். சிந்தினால் யாராவது "சாரமில்லை" என்பார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எழுந்து உள்ளே போய்விடுவார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, பம்பாய் லைனுக்கும் மதராஸ் லைனுக்கும் காத்திருக்கிறவர்களிடம் "கிடைக்கலை சார், கிடைக்கலை" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு, காது வலியோடு வீட்டுக்கு வந்தால் இங்கேயும் லைன் கிடைக்காது. அலுத்துப்போயிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அவரிடம் பிரியம் குறையவில்லை. ஆனால் அந்த ஈஸிசேரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். எனக்குப் பழைய மனுஷர், அந்த இம்சை பிடித்த மனுஷர், திரும்ப வேண்டியிருந்தது.

வெந்நீரில் போட்ட இறக்கை

சிதறிய துண்டுகளைப் பொறுக்கிக் கழுவி முறத்தில் உலர்த்தினேன். அச்சுக் கோளாறு போதாதென்று, அத்தனை வெயில் காலமும் ஓட்டுக்கு அடியில் வெந்ததில் இறக்கையெல்லாம் வளைந்திருந்தது. பசை டியூப் கல்லாகிவிட்டது. ஒட்டுகிற சின்னச் சின்னப் படங்கள் மஞ்சளடித்து வெடித்திருந்தன.

"நான் இதை ஒட்டப்போறேன்," என்றேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைந்ததை நிமிர்த்த வெந்நீரில் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் வலது இறக்கையின் மேல் பாதியைப் போட்டேன். எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி சுருண்டது.

பின்னால் நிழல் தட்டியது. அடுப்பங்கரை வாசலில் நிற்கிறார்.

"யாரு உன்கிட்ட கொதிக்க விடச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அதனாலதான் கொதிக்க விட்டேன்."

"அடுப்பிலேர்ந்து இறக்கு. கை பொறுக்காத சூடு இருந்தாப் போறும். முக்கு. வெளியில எடுத்து வளைஞ்சதுக்கு எதிர்ப்பக்கமா மெதுவா அழுத்து. அப்படியே பச்சைத் தண்ணில வை. விட்டுடாதே, பிடிச்சுக்கோ."

பிடித்துக்கொண்டேன். ஒரே தடவையில் வரவில்லை. அன்று மோர்க்குழம்பு வைக்கவே முடியவில்லை. ஆனால் இறக்கை ஒருவழியாகப் படுத்தது.

அப்படி ஆரம்பித்தது. பசைக்கு அவரே வழி சொன்னார். கிள்ளிப்பாலத்தில் காருக்குப் பெயின்ட் அடிக்கிற கடையில் தின்னர் வாங்கி வரச் சொன்னார். சட்டத்தின் மிச்சத் துண்டுகளைப் பொடியாக நறுக்கி அதில் ஊறப்போட்டால், காலையில் பாயசப் பதத்தில் கரைந்து நின்றது. அதுவே பசை, அதுவே ஓட்டையடைக்கிற சாந்து. இறக்கை நுனியின் மொட்டையை அதை வைத்துத்தான் பூசிப் பூசி வளர்த்தோம். காய்ந்ததும் தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். உடம்பின் இரண்டு பாதியையும் துணி கிளிப் போட்டு நெருக்கிப் பிடித்து, இடைவெளியில் சாந்தை ஓட்டினேன்.

'வளர்த்தோம்' என்று எழுதிவிட்டேன். கை என்னுடையது மட்டும்தான். அவர் ஈஸிசேரை மேஜைக்கருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணால் வேலை செய்தார். நான் ஒட்டுவேன், அவர் பார்ப்பார். "ரிஜெக்ட்" என்பார். பிரிப்பேன். மறுபடி ஒட்டுவேன். எட்டு மணி நேரம் ஹெட்போன் மாட்டிவிட்டு வந்தவளுக்கு இது என்ன தலைவிதி என்று வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

"இதுல யாரும் ஏறிப் பறக்கப்போறதில்லை," என்றேன் ஒரு நாள்.

"அதுக்கு?" என்றார்.

அந்த ஒற்றை வார்த்தையில் பழைய ஆள் எட்டிப்பார்த்தார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மேஜையோடு தூக்கி எறியலாம் போலவும் இருந்தது.

குரியன் வந்த நாள்

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தால் வாசலில் புதுச் செருப்பு. குரியன் வந்திருந்தார். அவரும் ரிடையராகி ஊரோடு வந்துவிட்டிருந்தார். மேஜைமேல் டகோட்டா நின்றது. உடம்பும் வலது இறக்கையும் முடிந்திருந்தன, இடது இறக்கை இன்னும் நான் மாற்றிவைத்த புதுப் பெட்டியில்.

வாலில் படுக்கைவசமாக ஒரு துண்டு வர வேண்டும். நான் காலையில் போகும்போது அது இல்லை. இப்போது இருந்தது.

"விசாலம், வால் நான் வெச்சேன். காலம்பற, நீ போனப்பறம்," என்றார் இவர். எதுவோ திருட்டுத்தனம் பண்ணினவர் மாதிரி மெதுவாகச் சொன்னார். "அப்புறமா பாரு."

அத்தனை வருஷத்தில் அவர் கை முதல் தடவையாக ஒரு வேலையைத் தொட்டிருக்கிறது.

"எந்து பங்கி," என்றார் குரியன். அவர் கண்ணுக்கு அத்தனை அழகாம். இவருக்கு முகம் மலர்ந்தது. டகோட்டா முன்னால் எல்லோரும் நிற்கிற பழைய போட்டோ ஒன்று இருக்கிறது, கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார்.

அவர் உள்ளே போனதும் குரியன் குனிந்தார். வால் துண்டு ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பசை முழுக்க இறுகியிருக்கவில்லை. கட்டைவிரலால் அதை அடியிலிருந்து மெல்லத் தூக்கி, நேராக்கி, பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்தது அன்புதான். நான் சத்தியமாகச் சொல்வேன், அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான் நிமிர்ந்தேன். உள்ளறை வாசலில், கையில் போட்டோவோடு இவர் நின்றுகொண்டிருந்தார்.

குரியன் கையை எடுத்துக்கொண்டார். போட்டோவைப் பார்த்தார்கள். காபி குடித்தார்கள். குரியன் வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம் தாழ்ந்த குரலில், "ஞான் ஒந்நும் விசாரிச்சில்ல, விசாலம்," என்றார். வேண்டுமென்று செய்யவில்லை என்கிறார். தெரியும் என்றேன்.

உள்ளே வந்தால் டகோட்டா பெட்டிக்குள் போயிருந்தது. இவர் ஈஸிசேரைச் சுவரோரம் நகர்த்திவிட்டிருந்தார்.

"அங்கேயும் இப்படித்தான்," என்றார். அதற்கப்புறம் கர்க்கடகம், அதாவது ஆடி மாசம், முழுக்க ஒன்றும் பேசவில்லை.

அலுப்பு

சிங்ஙம், அதாவது ஆவணி, பிறந்து வெயில் வந்தது. தெருவில் எல்லார் வீட்டிலும் மெத்தையும் தலையணையும் வெளியே வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து, சாப்பிட்ட இடத்தை எச்சிலிட்டுத் துடைத்து, பாத்திரம் கழுவிவிட்டு வந்தேன். அந்தப் பெட்டி கண்ணில் பட்டது. முந்தின நாள் டபுள் ட்யூட்டி. எனக்கு யோசனையெல்லாம் ஒன்றுமில்லை, தந்திரமும் இல்லை. அலுப்பு மட்டும்தான்.

பெட்டியை அவர் மடியில் வைத்தேன்.

"இடது இறக்கை பாக்கி இருக்கு. நான் இனிமே தொடமாட்டேன். எனக்கு முடியலை. ஒட்டணும்னா நீங்க ஒட்டுங்கோ, இல்லைன்னா குப்பையில போடுங்கோ. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சரி. நான் படுத்துக்கப் போறேன்."

போய்ப் படுத்தேன். தூங்கியும் விட்டேன்.

தின்னர் வாசனையில் விழிப்பு வந்தது. எழுந்து போய்க் கதவோரம் நின்று பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முதுகைச் சுவரில் முட்டுக்கொடுத்து, இரண்டு முழங்கையையும் மடித்த முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு, இறக்கையைப் பிடித்திருந்தார். கை ஆடியது. ஆடும்போது சும்மா இருந்தார். ஒரு நொடி அடங்கும், அந்த நொடியில் கொஞ்சம் நகர்த்துவார். மறுபடி ஆடும், மறுபடி காத்திருப்பார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். இந்தத் தடவை தூக்கம் வரவில்லை.

வெகுநேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"விசாலம், வந்து பாரு."

மேஜைமேல் டகோட்டா நின்றது. இரண்டு இறக்கையோடு, முழுசாக. பசை கொஞ்சம் வழிந்து விரல் ரேகை பதிந்திருந்தது. அது போகட்டும், தேய்த்தால் போய்விடும். டகோட்டாவுக்கு இறக்கை நுனிகள் கொஞ்சம் மேல்நோக்கிப் போகும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தூக்கல் இருக்க வேண்டும் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டேன். இடது நுனி அதிகமாகத் தூக்கியிருந்தது.

இருந்தாலும் முறைப்படி குனிந்தேன். மேஜை மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனேன். ஸ்கேலை எடுத்து வலது நுனிக்குக் கீழே நிறுத்தினேன், பிறகு இடதுக்கு. ஒரு பயறு அளவு வித்தியாசம்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டும் மடியில் இருந்தன.

எனக்குப் பயமாக இருந்தது. நாக்கு நுனியில் 'சாரமில்லை' வந்து நின்றது. என்ன போயிற்று, பிளாஸ்டிக் பொம்மைதானே. நான் சரியில்லை என்று சொல்லி, இந்த மனுஷர் மறுபடி ஈஸிசேருக்குப் போய்விட்டால் இனி ஆயுசுக்கும் எழுந்திருக்க மாட்டார். சரியென்று சொன்னால் இன்றைக்கு ஒரு நாள் சந்தோஷமாக இருப்பார். நாளைக்குக் காலையில் தானே குனிந்து பார்ப்பார். அப்புறம் இந்த வீட்டில் நானும் ஒரு குரியன்.

"இடது தூக்கிண்டு இருக்கு," என்றேன். "பாஸ் இல்லை."

அவர் பார்வை என் முகத்தை விட்டு இறக்கைக்குப் போனது.

"எவ்வளவு?"

"ஒரு பயறு."

"முன்பக்கமா, பின்பக்கமா?"

மறுபடி குனிந்து பார்த்தேன். "முன்பக்கம்தான் ஜாஸ்தி."

"நிச்சயமா?"

"நிச்சயமா. ரிஜெக்ட்."

அவர் மூச்சை விட்டார். எழுந்து வந்து பிளேடை எடுத்தார். கை ஆட, அது அடங்கக் காத்திருந்து, தான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து ஒட்டிய இறக்கையின் மூட்டைச் சுற்றி மெதுவாக அறுத்தார். இறக்கை கையோடு வந்தது. பழைய பசையை நகத்தால் சுரண்டி ஊதினார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றேன்.

"நாளைக்கு உனக்கு என்ன ஷிப்டு?" என்றார், இறக்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபடி.

"காலம்பற."

"அப்போ மத்தியானம் வந்ததும் பாரு. காபிக்கு முன்னாடி."